“எப்படி வந்துச்சு?” என்று தொடங்காத நேர்காணல்: மனநலப் பணியாளர் பயிற்சிக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும், எச்.ஐ.வி. தொற்றுள்ள இளைஞர் தனி ஓர் ஆள் அல்லர். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களிலும் மனநலப் புறநோயாளர் பிரிவுகளிலும் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களைக் கோத்துப் பயிற்சிக்காக அமைத்த மாதிரி. அவருடைய எண்களும் உரையாடல்களும் அந்த மாதிரிக்கு உரியவை. மருந்தின் அளவு, மருந்துகளுக்கு இடையிலான மோதல், மதிப்பீட்டுக் கருவி, சட்டப் பிரிவு ஆகியவை உள்ளபடியே உள்ளன. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், மனநலச் செவிலியர்கள், மனநல மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

பின்னணி சுருக்கமாக. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. 2017 முதல் சிடி4 எண்ணிக்கை (உடலின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணுக் கணக்கு) எவ்வளவு என்று பாராமல் தொற்று உறுதியான அனைவருக்கும் மருந்து. தாயிடமிருந்து தொற்றோடு பிறந்து, சின்ன வயதில் மருந்து தொடங்கி, பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், காதலிக்கிறார்கள். மனநலப் பிரிவின் வாசலுக்கு வருபவர்களில் இவர்களும் உண்டு. ஆனால் எச்.ஐ.வி. என்றால் நம் பணியாளர்கள் மனதில் இன்னும் லாரி ஓட்டுநரும் பாலியல் தொழிலாளியும்தான் இருக்கிறார்கள்.

நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகருக்கு எச்.ஐ.வி. தெரியும், மனச்சோர்வை அளக்கத் தெரியாது. மனநலப் பணியாளருக்கு மனச்சோர்வு தெரியும், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கத் தோன்றாது. இரண்டு கட்டடங்களும் ஒரே வளாகத்தில் இருக்கும். நடுவில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டுதான்.

வந்தவர்

வயது 19. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறார். அப்பாவும் அம்மாவும் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள், வளர்த்தது அம்மாச்சி. 5 வயதில் மருந்து தொடங்கியது. இப்போது டி.எல்.டி.: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒற்றை மாத்திரை, தினம் ஒன்று, இரவு 9 மணிக்கு.

இரண்டு மாதமாகத் தூக்கமில்லை. வகுப்புக்குப் போவதில்லை. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். 4 கிலோ குறைந்திருக்கிறார். விடுதிக் காப்பாளர் அம்மாச்சிக்குப் போன் போட, அவர் கூட்டிக்கொண்டு வந்தது மனநலப் பிரிவுக்கு. “எய்யாவுக்கு ராவுல தூக்கமே இல்ல டாக்டர், என்னமோ நெனப்பாவே இருக்கான்.”

கெட்டுப்போன முதல் 40 நிமிடம்

இந்தப் பகுதியைப் பயிற்சியில் அப்படியே நடித்துக் காட்ட வேண்டும். பங்கேற்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, தாங்களும் இதையேதான் செய்கிறோம் என்பது உறைக்கும்.

ஓ.பி. சீட்டின் மேல் மூலையில் யாரோ சிவப்பு மையால் எச்.ஐ.வி. என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். சீட்டு அம்மாச்சி கையிலிருந்து செவிலியருக்கும், அங்கிருந்து மருந்தாளுநருக்கும், வரிசையில் பின்னால் நிற்பவர் கண்ணுக்கும் போனது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் ஒருவரின் தொற்று நிலையை அவரது சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. பதிவேடுகளைப் பாதுகாக்கவும் சொல்கிறது. வாயால் சொன்னால்தான் வெளியிடுதல் என்று நினைத்துக்கொள்கிறோம். சிவப்பு மையும் வெளியிடுதலே. தகவல் உள்கோப்பில் இருக்கட்டும். நோயாளி கையில் எடுத்துச் செல்லும் தாளில் வேண்டாம்.

அடுத்து முதல் கேள்வி: “எப்படி வந்துச்சு தம்பி?” கேட்டவர் கெட்டவர் இல்லை, வரலாறு எடுக்கிறார். ஆனால் இந்தப் பையனுக்கு அதன் விடை “எங்க அம்மாகிட்டருந்து” என்பது. இறந்துபோன அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற கேள்வி அது. அவர் வாயை மூடிக்கொண்டார். குறிப்பில் “ஒத்துழைப்பு இல்லை” என்று பதிவானது. தொற்று வந்த வழி சிகிச்சைக்குத் தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு. தேவைப்பட்டால் ஏ.ஆர்.டி. மையப் பதிவில் இருக்கிறது.

மூன்றாவது தவறு, அம்மாச்சியை அறையிலேயே உட்கார வைத்துப் பேசியது. அவருக்கு எல்லாம் தெரியும். பேரனுக்கு என்ன தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. “ரத்தத்துல ஒரு கிருமி, அதுக்கு மாத்திரை” என்றே இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறார். பேரனோ 13 வயதில் ஏ.ஆர்.டி. மையச் சுவரில் இருந்த சுவரொட்டியைப் படித்துத் தானே தெரிந்துகொண்டார். அம்மாச்சி மனசு உடைந்துவிடும் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆறு வருடமாக இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இது தெரியாமல் இருவர் முன்னிலையிலும் நோயின் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காவதாகக் கேட்டது: “மாத்திரை ஒழுங்கா போடுறியா?” பதில்: “ம்.” இந்தக் கேள்விக்கு உலகத்தில் வேறு பதிலே கிடையாது.

கடைசியில் எழுதிய மருந்துதான் ஆபத்து. எரிச்சல், கோபம், தூக்கமின்மை என்றதும் மனநிலை ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று கார்பமஸெபின் எழுதப்பட்டது. கார்பமஸெபின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு டோலுடெக்ராவிர் ரத்தத்தில் தங்கும் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாலும் வைரஸ் ஏறும். எழுதியவருக்கு டி.எல்.டி.யில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கார்பமஸெபின் தொடங்கியதே தெரியாது. எழுதியவரிடம் தகவல் கேட்கவும் ஆள் இல்லை, மையத்துக்குச் சொல்லவும் தாள் இல்லை.

இரண்டாவது முறை

அதே நோயாளியை அதே அறையில் மறுபடி உட்கார வைப்போம்.

முதல் பத்து நிமிடம் அம்மாச்சியோடு சேர்ந்து: தூக்கம், சாப்பாடு, விடுதி. நோயின் பெயர் வராது. பிறகு, “பாட்டி, இருபது நிமிஷம் இவரோட தனியா பேசிட்டு உங்களைக் கூப்பிடுறேன். எல்லாரையும் இப்படித்தான் பார்ப்போம்.” கடைசி வாக்கியம் முக்கியம், அது இல்லாவிட்டால் வெளியே உட்கார்ந்து பாட்டி பயந்துபோவார்.

தனியாக இருக்கும்போது 19 வயதுக்காரரை “நீங்க” என்றுதான் அழைக்க வேண்டும். “தம்பி, வாடா” என்ற அன்பு, சிறு வயது முதல் மருத்துவமனையில் வளர்ந்தவருக்குப் பழைய குழந்தைப் பிரிவை நினைவூட்டும். திறக்கும் கேள்வி: “தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எதுக்குன்னு உங்களுக்குச் சொல்லியிருக்காங்க?” அவருடைய சொல்லிலேயே விடை வரட்டும். அவர் “கிருமி” என்றால் நீங்களும் கிருமி என்றே சொல்லுங்கள், அவர் எச்.ஐ.வி. என்றால் எச்.ஐ.வி. இந்த மாதிரியில் அவர் பத்து வினாடி தயங்கி, கதவைப் பார்த்துவிட்டு, பெயரைச் சொல்கிறார்.

மாத்திரைக் கேள்வி இப்படி: “ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு தினமும் போடுறது கஷ்டம், நிறையப் பேருக்கு விட்டுப்போகும். போன ஏழு நாள்ல எத்தனை நாள் விட்டுப்போச்சு?” பதில்: “நாலு நாள் இருக்கும்.” பிறகு டப்பாவை எண்ண வேண்டும். 90 நாளுக்கு 90 மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கையில் மிச்சம் 41. சாப்பிட்டது 49, அதாவது 54 சதவீதம். இலக்கு 95 சதவீதத்துக்கு மேல். மாதம் 30 மாத்திரையில் ஒன்று விட்டால் 96.7, இரண்டு விட்டால் 93.3. ஆக மாதத்துக்கு ஒரு நாள்தான் சலுகை. வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) 38,000, சிடி4 340.

எப்போதிருந்து விட்டுப்போகிறது என்று நாள் பிடித்துப் பார்த்தால் ஒரு தேதியில் போய் நிற்கும்: கல்லூரியில் நடந்த ரத்த தான முகாம். நடத்தியது செஞ்சுருள் சங்கம். எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காகக் கல்லூரிகளில் அமைத்த அதே சங்கம்தான். வகுப்பே வரிசையில் நின்றபோது இவர் மட்டும் நழுவினார். “ஊசிக்குப் பயந்தாங்கொள்ளி” என்று கேலி. அன்று இரவு 9 மணிக்கு டப்பாவைத் திறந்தபோது பக்கத்துக் கட்டில்காரர், “அது என்னடா டெய்லி ஒரு மாத்திரை?” என்று கேட்டார். அதன்பின் பல நாள் டப்பா பெட்டிக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. மாத்திரை விட்டதற்குக் காரணம் சோர்வு என்று மட்டும் எழுதினால் பாதிதான். பயத்தில் விட்டார். விட்டதில் குற்ற உணர்வு. அதில் தூக்கம் போனது.

அளவீடு

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பி.எச்.க்யூ-9இல் மதிப்பெண் 17. இங்கே ஒரு பொறி இருக்கிறது. தூக்கம், களைப்பு, பசி, கவனம், அசைவு வேகம் என்ற ஐந்து கேள்விகளுக்கும் கட்டுப்படாத வைரஸோ ரத்தசோகையோ காசநோயோகூட மதிப்பெண் போட்டுவிடும். இவருக்கு அந்த ஐந்தில் 10. மீதி நான்கில் (நாட்டமின்மை, மனத் தாழ்வு, தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளுதல், சாக வேண்டும் என்ற எண்ணம்) 12க்கு 7. உடல் அறிகுறிகளை முழுக்க ஒதுக்கினாலும் மனச்சோர்வு நிற்கிறது. இந்தக் கணக்கைத் தனியே போட்டுப் பார்க்கும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே ஏற்படுத்திவிட வேண்டும்.

அதோடு காசநோய்க்கான நான்கு கேள்விகள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை. ஒன்றுக்கு “ஆமாம்” என்றாலே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 4 கிலோ குறைந்ததை மனச்சோர்வின் கணக்கில் போட்டு மூடிவிடக் கூடாது. ஒருவர் குழம்பிப் பேசினாலோ, தலைவலியோடு நடத்தை மாறினாலோ, குறிப்பாகச் சிடி4 200க்குக் கீழே இருந்தால், அது மனநலப் பிரிவின் வேலை அல்ல. மூளைக்காய்ச்சலைத் தேட வேண்டும், அன்றைக்கே.

ஒன்பதாவது கேள்விக்கு அவர் 1 போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. நேரடியாகக் கேட்க வேண்டும்: “செத்துப் போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? கடைசியா எப்பத் தோணுச்சு?” கேட்டால் எண்ணம் விதைத்ததாகிவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. இவருக்குத் திட்டம் இல்லை. ஆனாலும் வீட்டில் வயலுக்கு அடிக்கும் மருந்து எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை அம்மாச்சியிடம் விசாரித்து அதை வெளியே அகற்றச் சொல்ல வேண்டும். இரவில் அழைக்க, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணை அவருடைய போனிலேயே சேமிக்க வைக்க வேண்டும். தாளில் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளையும் மறைத்து வைக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

சிறு வயதிலிருந்தே தொற்றோடு வளர்ந்தவர் என்பதால் நினைவுத்திறனும் பார்க்க வேண்டும். சர்வதேச எச்.ஐ.வி. மறதிநோய் அளவுகோலுக்கு ஐந்து நிமிடம் போதும். நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்று நான்கு சொற்களை ஒவ்வொரு வினாடிக்கு ஒன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். பிறகு பழக்கமில்லாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து வேகமாகத் தட்டச் சொல்ல வேண்டும்: 5 வினாடியில் 15 தட்டு என்றால் முழு 4 மதிப்பெண். அடுத்து அதே கையால் மேசைமேல் முஷ்டி, உள்ளங்கை, கையின் ஓரம் என்ற வரிசை. 10 வினாடியில் நான்கு சுற்று முடித்தால் 4. கடைசியில் அந்த நான்கு சொற்கள்: தானாகச் சொன்னால் தலா 1, “ஒரு மிருகம்”, “உடுப்பு” என்று குறிப்பு கொடுத்தபின் சொன்னால் அரை. மொத்தம் 12, 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மேல் பரிசோதனை. பயிற்சியில் பாதிப்பேர் பழக்கமான கையைத்தான் தட்ட விடுவார்கள். இரண்டு இரவு தூங்காதவருக்கு இதை வைத்துவிட்டு மதிப்பெண் குறைகிறது என்று பதறுவதும் உண்டு. இவருக்கு 11.

மருந்து அட்டை

பயிற்சி முடிந்து ஒவ்வொருவரும் கையோடு எடுத்துப்போக வேண்டியது உள்ளங்கை அளவில் ஓர் அட்டை. விரிவுரைகள் மறந்துபோகும், அட்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். அதில் இவ்வளவு போதும்:

– டோலுடெக்ராவிர் சாப்பிடுபவருக்குக் கார்பமஸெபின், பெனிடாயின், பெனோபார்பிடோன் வேண்டாம். தவிர்க்கவே முடியாமல் கார்பமஸெபின் என்றால் டோலுடெக்ராவிர் 50 மி.கி. இருவேளை, அதுவும் ஏ.ஆர்.டி. மருத்துவர் முடிவில்.
– டோலுடெக்ராவிரே சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்க மாத்திரை எழுதும் முன், டி.எல்.டி.யைக் காலைக்கு மாற்றிப் பார்க்கவும்.
– மெக்னீசியம், அலுமினியம் உள்ள அசிடிட்டி மருந்துக்கு 2 மணி நேரம் முன் அல்லது 6 மணி நேரம் பின் டோலுடெக்ராவிர்.
– லித்தியமும் டெனோஃபோவிரும் சிறுநீரகத்தின்மேல் சேர்ந்து அழுத்தும். டோலுடெக்ராவிர் சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே கிரியாட்டினின் எண்ணைச் சற்று ஏற்றிக் காட்டும். எனவே தொடங்கும் முன் இருந்த எண் கையில் இல்லாமல் லித்தியம் தொடங்க வேண்டாம்.
– ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் வரிசை மருந்தில் இருப்பவருக்கு அல்பிரஸோலாம் ரத்தத்தில் எகிறும், மிடஸோலாம் மாத்திரை கூடவே கூடாது, குவெட்டியாபின் வழக்கமான அளவில் ஆறில் ஒரு பங்கு. பதற்றத்துக்கு லோரஸெபாம் பாதுகாப்பு.
– பழைய ஏ.ஆர்.டி. மருந்தான எஃபாவிரென்ஸ் இன்னும் சிலரிடம் இருக்கிறது: கெட்ட கனவு, தலைசுற்றல், சோர்வு.

இவருக்கு எழுதியது மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் 25 மி.கி., ஒரு வாரம் கழித்து 50. டோலுடெக்ராவிரோடு மோதாது. 25 வயதுக்குக் கீழே என்பதால் முதல் நான்கு வாரமும் வாரம் ஒருமுறை நேரிலோ போனிலோ பார்க்க வேண்டும். டி.எல்.டி.யை மாற்றவில்லை, டோலுடெக்ராவிருக்கு எதிர்ப்பு எளிதில் வராது, மாத்திரை உள்ளே போகாததுதான் காரணம் என்று மாத்திரை எண்ணிக்கையே சொல்கிறது.

ஆறு அமர்வு

சிக்கல் தீர்க்கும் முறையில் ஆறு அமர்வுகள், வாரம் ஒன்று, தலா 40 நிமிடம். முதல் இரண்டும் டப்பாவைப் பற்றியவை. இது சிகிச்சையா என்று உளவியல் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். விடுதியில் டப்பாவை எங்கே வைப்பது என்று தீர்க்காமல் எண்ணங்களைத் திருத்தப் போனால் நோயாளி மூன்றாவது வாரம் வரமாட்டார். மாத்திரை நேரம் இரவு 9இலிருந்து காலை 5.30க்கு மாறியது; எல்லோரும் தூங்கும் நேரம், டோலுடெக்ராவிரால் தூக்கம் கெடுவதற்கும் அதுவே மருந்து. குலுங்கினால் சத்தம் வராமல் டப்பாவுக்குள் பஞ்சு. ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலத்தை எடுத்துப் போடக் கூடாது.

மூன்றாம் அமர்வு முழுக்க ஒத்திகை. “என்னடா மாத்திரை?”, “நீ ஏன் ரத்தம் குடுக்கல?” என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தயார் செய்து வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பொய் சொல்லச் சொல்லலாமா என்று பயிற்சியில் கட்டாயம் விவாதம் வரும். எங்கள் கருத்து: நீளமான பொய் மாட்டிக்கொள்ளும், குட்டையான உண்மை நிற்கும். “ஒரு மருந்து சாப்பிடுறேன், ரத்தம் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். விடுடா.” கடைசிச் சொல்லைச் சிரித்தபடி சொல்லப் பத்துப் பதினைந்து தடவை ஒத்திகை வேண்டியிருந்தது.

நான்காம் அமர்வில் ஒரு தோழி இருப்பது தெரிய வந்தது. “பொண்ணு விஷயம் இருக்கா?” என்று ஆலோசகர் கேட்டிருந்தால் வந்திருக்காது, “மனசுக்கு நெருக்கமானவங்க யாராவது இருக்காங்களா?” என்றதற்கு வந்தது. உடலுறவு இல்லை. வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கினால் உடலுறவு மூலம் பரவாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இவரிடம் அதைச் சொல்லும்போது 38,000 என்ற எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: இன்றைக்கு இது உங்களுக்குப் பொருந்தாது, மாத்திரை ஒழுங்கானால் பொருந்தும். பயமுறுத்தல் செய்யாததை இந்த ஒரு தகவல் செய்தது. துணைக்குத் தெரிவிப்பது பற்றி 2017 சட்டத்தின் 9ஆம் பிரிவு, மருத்துவரோ ஆலோசகரோ மட்டுமே, நோயாளிக்கு ஆலோசனை சொல்லி, அவர் சொல்லமாட்டார் என்று தெளிவாகி, தாங்கள் சொல்லப்போவதை அவரிடமே அறிவித்த பிறகுதான் சொல்லலாம் என்கிறது. துணைக்கு உண்மையான ஆபத்து இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. தொற்றுள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதை, கைவிடப்படுதல் நேரும் என்று அஞ்ச இடமிருந்தால் சொல்லவே கூடாது. இவர் விஷயத்தில் அந்தப் பிரிவுக்கு வேலையே இல்லை. ஆனாலும் பயிற்சி பெறுபவர்களில் பலர் உடனே “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணுமே” என்று பதறுவார்கள்.

ஐந்தாம் அமர்வு வகுப்புக்குத் திரும்புவதைப் பற்றியது. ஆறாவது அம்மாச்சியோடு.

பயிற்சி வகுப்பை நடத்தும் விதம்

12 பேருக்கு மேல் வேண்டாம். மூன்று மூன்று பேராக: ஆலோசகர், நோயாளி, பார்வையாளர். ஒத்திகை 12 நிமிடம். பார்வையாளர் ஆலோசகர் கேட்ட கேள்விகளை மட்டும், சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். கருத்து எழுதக் கூடாது. முடிந்ததும் “ஏன்” என்று தொடங்கிய கேள்விகளையும், “ஆமாம், இல்லை” என்று முடிந்துவிடும் கேள்விகளையும் எண்ண வேண்டும். பிறகு அதே ஆள் அதே காட்சியை மறுபடி செய்ய வேண்டும். இந்த இரண்டாம் சுற்றை நேரமில்லை என்று வெட்டினால் பயிற்சி பெரும்பாலும் வீண்.

எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர் இணைப் பயிற்றுநராக இருக்க வேண்டும். சென்னையில் 1997இல் தொடங்கிய எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பின் வழியில் மாவட்டங்களிலும் அமைப்புகள் உண்டு. அவரை மேடையேற்றித் “தன் கதையைச் சொல்ல” வைப்பது வழக்கமாகிவிட்டது, அது வேண்டாம். கேள்விகளைத் திருத்தும் வேலையை அவருக்குக் கொடுங்கள், மதிப்பூதியமும் மற்றவர்களுக்குச் சமமாக.

பயிற்சியின் கடைசி அரை நாள் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ஏ.ஆர்.டி. மையத்தில் நடக்க வேண்டும். அங்கேதான் இணைப்புச் சீட்டு தயாராகும். நான்கே வரிகள்: இப்போது எந்த மருந்து, நாங்கள் எதைத் தொடங்கினோம், கடைசி வைரல் லோடு தேதி, அடுத்து யார் எப்போது பார்ப்பது. இரண்டு மையங்களும் வரும் நாளை ஒரே நாளாக்கிவிட்டால் பேருந்துக் காசும் ஒரு நாள் வகுப்பும் மிச்சம்.

மூன்று மாதம் கழித்து

வைரல் லோடு 620. ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது, ஆனால் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. மீண்டும் பார்க்க வேண்டும். மாத்திரை எண்ணிக்கை 94 சதவீதம், இலக்குக்குச் சற்றே கீழே. பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 8, ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம். எடை 3 கிலோ ஏறியிருக்கிறது. காசநோய் இல்லை. இரண்டு தாளில் அரியர்.

ஆறாம் அமர்வில் அம்மாச்சியிடம் பேரனே சொன்னார்: “எனக்கு எட்டாவது படிக்கும்போதே தெரியும்.” அம்மாச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட்டியா?” என்றார். ஆலோசகர் குறுக்கே பேசவில்லை. அவருடைய குறிப்பில் அன்றைய தேதிக்கு எதிரே ஒரு வரிதான்: அம்மா எப்படி இறந்தார் என்பது இன்னும் பேசப்படவில்லை, அடுத்த சந்திப்பு ஏ.ஆர்.டி. நாளன்று, இருவரும் சேர்ந்து.